பெரிய எந்திரன், சிறிய குழு

கணினி விளையாட்டு என்றதும் நம் வீடுகளில் முதலில் கேட்கும் சொல் ‘போதும், மூடு’ என்பதுதான். பொழுதைக் கொல்வது, கண்ணைக் கெடுப்பது, தேர்வில் கோட்டை விடச் செய்வது என்று பெற்றோரிடம் ஒரு பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அந்த விளையாட்டை யாரோ ஒருவர் இரவு பகலாக உட்கார்ந்து படைத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் எழுத்தாளர் பெயரைப் பார்க்கிறோம். திரைப்படம் என்றால் இயக்குநர் யார் என்று கேட்கிறோம். விளையாட்டை மட்டும் ஆடிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

இக்கட்டுரை அப்படிப்பட்ட ஒரு விளையாட்டைப் பற்றியது. அதன் பெயர் ‘ஜைகேன்டிக் ஆர்மி’. ஜப்பானில் ‘அஸ்ட்ரோ போர்ட்’ என்னும் சிறு குழு 2010-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. பெரிய நிறுவனம் எதுவும் இதன் பின்னால் இல்லை. கோடிக்கணக்கில் விளம்பரச் செலவும் இல்லை. இருந்தும் 2014-ஆம் ஆண்டில் ‘நியூ மீடியா’ என்னும் வெளியீட்டாளர் வழியாக ஆங்கில வடிவம் பெற்று, ‘ஸ்டீம்’ இணையக் கடையில் உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. ஒரு சிறு குழுவால் இவ்வளவு பெரிய எந்திரனை எப்படி நடக்க வைக்க முடிந்தது? அதிலிருந்து தமிழ் மாணவர்களாகிய நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

விளையாட்டின் அமைப்பு

‘ஜைகேன்டிக் ஆர்மி’ இருபரிமாண விளையாட்டு. திரையைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். நாம் இயக்குவது ‘சலாடின்’ என்னும் போர் எந்திரன். அதனுள் ஒரு மனிதன் அமர்ந்து ஓட்டுகிறான். இடமிருந்து வலமாக நடந்து, எதிரி எந்திரங்களைச் சுட்டு வீழ்த்தி, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரும் எதிரியைச் சந்திக்க வேண்டும். தொடங்குவதற்கு முன்னரே எந்த ஆயுதத்தை எடுத்துச் செல்வது என்று தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். கையில் ஒரு கேடயம் உண்டு. முதுகில் உந்துவிசைக் குழல் உண்டு. அதன் துணையோடு மேலே எழும்பலாம்.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். ஆம், இவ்வளவுதான். ஆனால், விளையாடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒன்று புலப்படும். இந்த எந்திரன் நாம் சொன்னதும் துள்ளிக் குதிப்பதில்லை. நடக்க நேரம் எடுத்துக்கொள்கிறது. தரையில் இறங்கினால் அதிர்கிறது. ஏதோ ஒரு பெருஞ்சுமையை நாம் நகர்த்துகிறோம் என்ற உணர்வு விரலுக்கு வந்துவிடுகிறது. இந்த ‘கனம்’தான் இவ்வகை விளையாட்டுகளின் உயிர்நாடி.

இராட்சத எந்திரனின் வரலாறு

ஜப்பானியர்களின் இந்த எந்திர மோகம் நேற்று முளைத்தது அன்று. 1956-இல் மிட்சுதேரு யோக்கோயாமா வரையத் தொடங்கிய ‘தெட்சுஜின் 28’ என்னும் சித்திரக் கதையில் ஒரு சிறுவன் தொலைவிலிருந்தபடி இரும்பு மனிதனை இயக்கினான். 1972-இல் கோ நாகாய் படைத்த ‘மாசிங்கர் இசட்’ கதையில் நாயகன் எந்திரனுக்குள்ளேயே ஏறி அமர்ந்தான். 1979-இல் யோஷியுக்கி தோமினோ இயக்கிய ‘கண்டாம்’ தொலைக்காட்சித் தொடர் மற்றொரு மாற்றத்தைக் கொண்டு வந்தது. அதில் எந்திரன் தெய்வ சக்தி கொண்ட வீரன் அல்லன். படையில் பயன்படும் ஒரு தளவாடம். குண்டு தீர்ந்து போகும். கை உடைந்தால் பழுதுபார்க்க வேண்டும். முதல் ஒளிபரப்பில் போதிய வரவேற்பு இல்லாததால் அத்தொடர் 43 பாகங்களோடு முடிக்கப்பட்டது. ஆனால், 1980 முதல் வெளிவந்த அதன் பிளாஸ்டிக் பொம்மைகளும் மறு ஒளிபரப்புகளும் அதை நிலைநிறுத்தின. இன்று கோலாலம்பூர் பேரங்காடிகளிலும் அந்தப் பொம்மைப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

‘எந்திரன் ஒரு தளவாடம்’ என்னும் இந்தப் பார்வை விளையாட்டுகளுக்குள் நுழைந்தது 1990-இல் எனலாம். ‘மசாயா’ என்ற முத்திரையில் என்.சி.எஸ். நிறுவனம் ‘மெகா டிரைவ்’ கருவிக்கு ‘அசால்ட் சூட்ஸ் லேனோஸ்’ என்ற விளையாட்டை அந்த ஆண்டு வெளியிட்டது. 1992-இல் ‘சூப்பர் ஃபாமிகொம்’ கருவிக்கு அதன் தொடர்ச்சியாக ‘அசால்ட் சூட்ஸ் வால்கன்’ வந்தது. மேற்கு நாடுகளில் ‘சைபர்நேட்டர்’ என்ற பெயரில் வந்தது இந்த வால்கன்தான். போரின் இறுதியில் தோற்ற நாட்டின் தலைவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சி ஜப்பானிய வடிவத்தில் உண்டு. மேற்கத்திய வடிவத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. வெறும் ‘சுடு, ஓடு’ விளையாட்டாக இல்லாமல், போரின் கசப்பையும் சொல்ல அதைப் படைத்தவர்கள் முயன்றார்கள் என்பதற்கு இது சான்று.

காலம் மாறியது. 1990-களின் நடுவில் முப்பரிமாண விளையாட்டுகள் பெருகின. பெரிய நிறுவனங்கள் பக்கவாட்டு விளையாட்டுகளை ஏறக்குறைய மறந்துவிட்டன. அவற்றை ஆடி வளர்ந்த ரசிகர்கள் மட்டும் மறக்கவில்லை. ‘ஜைகேன்டிக் ஆர்மி’ அந்த நினைவிலிருந்து பிறந்த விளையாட்டு. அதை ஆடும் எவரும் வால்கனின் சாயலைக் கண்டுகொள்வர்.

கனத்தை எப்படிக் காட்டுவது?

திரையில் தெரிவது வெறும் ஒளிப்புள்ளிகள். அவற்றுக்கு எடை கிடையாது. அப்படியிருக்க, கனம் எங்கிருந்து வருகிறது? இதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது.

ஒரு பொருள் 1.8 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மனிதனின் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொட ஏறத்தாழ 0.6 விநாடி ஆகும். கண்டாம் எந்திரனின் உயரமாகச் சொல்லப்படும் 18 மீட்டரிலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 1.9 விநாடி ஆகும். உயரம் பத்து மடங்கு கூடினால் விழும் நேரம் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகக் கூடுகிறது. நம் கண் பிறந்தது முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பழகியிருக்கிறது. ஆகவே, ஓர் உருவம் தன் உயரத்துக்கு நிகரான தூரத்தை மெதுவாக விழுந்து கடந்தால், ‘இது மிகப் பெரியது’ என்று மூளை தானாகவே முடிவு செய்துவிடுகிறது. ஜப்பானியத் திரைப்படங்களில் மனிதர்கள் அரக்கர் வேடமிட்டுப் பொம்மை நகரங்களை மிதிக்கும் காட்சிகளை வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓடவிடுவதும் இதே காரணத்தால்தான்.

விளையாட்டு நிரலாளரும் இதே வழியைக் கையாளலாம். பொதுவாக இவ்வகை விளையாட்டுகளில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் திரையில் மாறுகின்றன. பொத்தானை அழுத்தியதும் எந்திரன் அடுத்த படத்திலேயே முழு வேகத்தில் ஓடினால், அது காகித பொம்மை போலத் தோன்றும். பத்துப் பதினைந்து படங்கள் வரை சிறிது சிறிதாக வேகம் கூடினால் இரும்பு போலத் தோன்றும். நிறுத்தும்போதும் அப்படியே, சற்றுச் சறுக்கி நிற்க வேண்டும். குதிப்பதற்கு முன் முழங்கால் மடங்க வேண்டும். தரையில் இறங்கியதும் சில படங்களுக்கு அசைய முடியாமல் நிற்க வேண்டும். திரை சற்றே குலுங்க வேண்டும். புழுதி எழ வேண்டும். காலடி ஓசை தாழ்ந்த சுருதியில் ஒலிக்க வேண்டும். பெரிய குண்டைச் சுட்டால் எந்திரன் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டும். இவை ஒவ்வொன்றும் நிரலில் ஓரிரு வரிகளே. எல்லாம் ஒன்று சேர்ந்தால்தான் ஒளிப்புள்ளிகளுக்கு எடை கிடைக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. எந்திரன் மெதுவாக நகர்ந்தால் எதிரியின் குண்டுகளிலிருந்து எப்படித் தப்புவது? சுறுசுறுப்பான நாயகன் உள்ள விளையாட்டில் எதையும் தாவிக் கடக்கலாம். கனமான எந்திரனால் எல்லாவற்றையும் தவிர்க்க முடியாது. எனவேதான் கேடயம் தேவைப்படுகிறது. எந்த அடியைத் தாங்குவது, எதைத் தவிர்ப்பது, எங்கே நின்று சுடுவது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கிறது. ‘மெதுவான நாயகன்’ என்ற ஒரே முடிவிலிருந்து ஆயுதமும் கேடயமும் எதிரிகளை நிறுத்தும் இடமும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து வருகின்றன. நல்ல படைப்பு என்பது பல சிறப்புகளைக் கொண்டு வந்து குவிப்பதால் மட்டும் அமைவதில்லை. ஒரு முடிவை இறுதிவரை உண்மையாகக் கடைப்பிடிப்பதால் அமைகிறது.

உண்மை உலகில் இத்தகைய எந்திரன் ஓடியாட முடியுமா என்றும் சிலர் கேட்கலாம். உருவத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் கால்களின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். எடையோ ஆயிரம் மடங்கு கூடும். கால்கள் தாங்கும் அழுத்தம் பத்து மடங்காகிவிடும். 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை யோக்கோஹாமா துறைமுகத்தில் 18 மீட்டர் உயரமும் 25 டன் எடையும் கொண்ட கண்டாம் உருவம் ஒன்று கை கால்களை அசைத்துக் காட்டியது. அதன் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருந்தது. உலகமே வியந்த பொறியியல் சாதனை அது. என்றாலும் தன் காலில் தானே நடக்க முடியவில்லை. அறிவியல் மறுப்பதை விளையாட்டு வழங்குகிறது.

எந்திரனைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனமும் ஒளிந்திருக்கிறது. மனிதனை வரைந்தால் முகபாவம், தலைமுடி, ஆடையின் மடிப்பு என ஒவ்வோர் அசைவுக்கும் புதுப்படம் வேண்டும். எந்திரனின் உறுப்புகளோ விறைப்பானவை. கை, தோள், தொடை, பாதம் எனத் தனித்தனியே ஒருமுறை வரைந்து, மூட்டுகளில் சுழற்றினால் போதும்; நூற்றுக்கணக்கான அசைவுகளை உண்டாக்கலாம். ஆள் பலம் இல்லாத குழுவுக்கு இது பெரிய உதவி.

‘தோஜின்’ என்னும் மரபு

இனி இந்த விளையாட்டு பிறந்த சூழலைப் பார்ப்போம். ஜப்பானில் இத்தகைய படைப்புகளைத் ‘தோஜின்’ என்பார்கள். ஒரே நாட்டம் கொண்டவர்கள் என்பது இதன் பொருள். ‘தோஜின்ஷி’ என்றால் அவர்கள் கூடி வெளியிடும் இதழ். 1885-இல் ஓசாக்கி கோயோவும் அவருடைய இளம் நண்பர்களும் தொடங்கிய ‘கராகுத்தா புன்கோ’ என்னும் இலக்கிய இதழ் இம்மரபின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. எழுத ஆசைப்பட்ட மாணவர்கள் தாங்களே எழுதி, தாங்களே பரிமாறிக்கொண்ட இதழ் அது.

இதைப் படிக்கும்போது நமக்கு வேறு பெயர்கள் நினைவுக்கு வரவில்லையா? 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யும், 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ம் வேறென்ன? நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை வெளியிட்டுவரும் பேரவைக் கதைகள் தொகுப்புகளும், நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த ஆண்டு மலரும் தோஜின்ஷி வகையைச் சேர்ந்தவைதாம். யாரும் சம்பளம் பெறவில்லை. அச்சுக்கூலிக்கு நன்கொடை திரட்டி, மெய்ப்புப் பார்த்து, விற்று முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. இருந்தாலும் அடுத்த ஆண்டு யாரோ ஒருவர் மீண்டும் தொடங்குகிறார்.

ஜப்பானில் இந்த மரபு இதழோடு நிற்கவில்லை. 1975 டிசம்பர் 21-ஆம் நாள் தோக்கியோவில் ‘கொமிக்கெட்’ எனப்படும் முதல் சித்திரக்கதைச் சந்தை நடந்தது. அதில் பங்கேற்ற குழுக்கள் 32. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். இன்று அது தோக்கியோவின் பெரிய கண்காட்சி மண்டபத்தில் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. 2019 டிசம்பரில் நான்கு நாள்களில் ஏறக்குறைய ஏழரை லட்சம் வருகைகள் பதிவாயின. ஒரு குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை மேசைதான். அந்த அரை மேசையில் இதழோடு இசைத்தட்டும் வட்டில் பதிந்த விளையாட்டும் விற்பனைக்கு வந்தன.

அந்த அரை மேசைகளிலிருந்து உலகப் புகழ் பெற்ற படைப்புகள் வந்திருக்கின்றன. ‘ஸுன்’ என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் நிரல், ஓவியம், இசை மூன்றையும் தாமே செய்து வளர்த்தெடுத்தது ‘தோஹோ’ வரிசை. ‘ரெசட்டியர்’ என்னும் தோஜின் விளையாட்டு 2010 செப்டம்பரில் ஆங்கிலத்தில் ஸ்டீம் கடைக்கு வந்து, சில மாதங்களிலேயே ஒரு லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஜப்பானியச் சிறு குழுக்களுக்கு உலகச் சந்தையின் கதவைத் திறந்துவிட்டது அதுதான் எனலாம். சந்தைக்கு வெளியே, இணையத்தில் இலவசமாகவே கொடுத்தவர்களும் உண்டு. டைசுகே அமாயா ஐந்து ஆண்டுகள் தனியாகவே உழைத்து 2004-இல் வெளியிட்ட ‘கேவ் ஸ்டோரி’ அத்தகையது.

ரசிகரே வாரிசு

எந்திர விளையாட்டுகளில் இந்த மரபு செய்த மற்றொரு வேலையும் குறிப்பிடத்தக்கது. ‘டிராக்யூ’ என்னும் சிறு நிறுவனம் 2009-இல் ‘கன்ஹவுண்ட்’ என்ற எந்திர விளையாட்டைத் தோஜின் முறையில் வெளியிட்டது. இதுவும் லேனோஸ், வால்கன் ஆகியவற்றின் வழியில் வந்ததுதான். அது 2013-இல் மெருகேற்றப்பட்டுக் கையடக்கக் கருவிக்கும் வந்தது. அதன் பிறகு நடந்ததுதான் வியப்பு. 1990-இல் வந்த லேனோஸ் விளையாட்டைப் புதுப்பித்து பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வெளியிட முடிவு செய்தபோது, அந்தப் பொறுப்பு டிராக்யூவிடம் வந்து சேர்ந்தது. 2015 டிசம்பரில் அது வெளியானது. பார்த்துப் பழகிய சீடர்களிடமே ஆசானின் ஓவியத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்தது போன்றது இது.

அதே வழித்தடத்தில் 2019-இல் சீனாவின் ‘ராக்கெட்பஞ்ச்’ குழு ‘ஹார்ட்கோர் மெக்கா’வை வெளியிட்டது. அஸ்ட்ரோ போர்ட் குழுவும் ஒரு விளையாட்டோடு ஓய்ந்துவிடவில்லை. ‘ஸ்டீல் ஸ்ட்ரைடர்’ என்ற பெயரில் அடுத்த எந்திரனைக் கொண்டு வந்தது. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட ஒரு கலை வடிவத்தை ரசிகர்களே காப்பாற்றினார்கள். மொழியையும் இலக்கியத்தையும் காப்பாற்றுவது அரசாங்கத்தின் வேலை, பெரிய அமைப்புகளின் வேலை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தமிழில் என்ன நடக்கிறது?

இந்த இடத்தில், ‘ஜப்பானியன் செய்வான், நம்மால் ஆகுமா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் ‘வெண்பா’. கனடாவின் தோரோண்டோ நகரில் தமிழர் ஒருவர் தலைமையில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழு 2023 ஜூலை 31-ஆம் நாள் வெளியிட்ட விளையாட்டு இது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. தாயின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து இட்லி முதலான உணவுகளைச் சமைப்பதுதான் ஆட்டம். சமைத்துக்கொண்டே போகும்போது, தாய்மொழியை விட்டு விலகும் மகனும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயும் நம் கண்முன் வளர்கிறார்கள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், அதே ஆண்டில் தனிமுயற்சி விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலைமைப் பரிசையும் ‘வெண்பா’ பெற்றது.

இதில் வாளும் இல்லை, எந்திரனும் இல்லை. எனினும் ‘ஜைகேன்டிக் ஆர்மி’க்கும் ‘வெண்பா’வுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் அளவில் சிறியவை. இரண்டும் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டன. அவர்களுக்கு வால்கன், இவர்களுக்கு அம்மாவின் அடுப்படி. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று நம் பாட்டிமார் சொன்னது வீட்டுக்கு மட்டும் பொருந்தும் பழமொழியாக எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டிலும் சான்றுகள் உள்ளன. ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேண்டசி 15’ விளையாட்டின் வடிவமைப்பில் தலைமைப் பொறுப்பு வகித்த வான் ஹஸ்மர், நாடு திரும்பி, டயிம் சியாவுடினுடன் சேர்ந்து ‘மெட்ரோனாமிக்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களின் ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ 2020-இல் வெளிவந்தது. 2002-இல் தொடங்கிய ‘காமிக் ஃபியஸ்டா’ விழாவில் உள்ளூர் ஓவியர்கள் தங்கள் நூல்களையும் படங்களையும் மேசை போட்டு விற்கிறார்கள். கொமிக்கெட்டின் உள்ளூர் உறவு அது. அந்த மேசைகளுக்கு இடையே நடந்தபோது மலாய், சீன, ஆங்கிலப் படைப்புகளைக் கண்டேன். தமிழ் எழுத்துள்ள ஒரு நூல் என் கண்ணில் படவில்லை. தடுப்பவர் யாரும் இல்லை. மேசைக்கு விண்ணப்பிக்க நாம்தான் முன்வரவில்லை.

எழுத்துச் சிக்கல்

தமிழில் விளையாட்டு செய்ய முனைவோர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. அதுதான் நம் எழுத்து. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால், எழுத்துக்கு எண் கிடைத்தால் மட்டும் போதாது. அது திரையில் சரியாக அமர வேண்டும். ‘கெ’ என்ற எழுத்தைக் கணினி, முதலில் ‘க’, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமித்து வைக்கிறது. காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டு வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டும். ‘கு’, ‘டு’, ‘மு’ ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவம் கொள்கின்றன. இந்த வேலையைச் செய்யும் மென்பொருள் பகுதி பல விளையாட்டு எஞ்சின்களில் நெடுங்காலமாக இல்லை. அதனால், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தமிழ் சிதறிக் கிடக்கும். அதைக் கண்டு மனம் சோர்ந்து, ‘சரி, ஆங்கிலத்திலேயே செய்துவிடுவோம்’ என்று முடிவெடுப்பவர்கள் பலர்.

இப்போது நிலைமை மாறி வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் ‘கொடோ’ எஞ்சினின் நான்காம் பதிப்பு 2023 மார்ச்சில் வந்தது. சிக்கலான எழுத்து முறைகளைச் சரியாக அடுக்கிக் காட்டும் திறன் அதனுள்ளேயே அமைந்திருக்கிறது. பொருத்தமான தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் போதும்.

இந்தச் சுவரை நமக்கு முன்பே இடித்தவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை 1980-களிலேயே உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியத் தமிழர். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற ‘இணைமதி’ எழுத்துருவும், 2005-இல் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்த ‘செல்லினம்’ மென்பொருளும் அவர் முயற்சியில் பிறந்தவை. கைப்பேசித் திரையில் தமிழ் வந்த வரலாற்றில் ஒரு மலேசியரின் பங்கு இருக்கிறது என்றால், விளையாட்டுத் திரையிலும் இருக்கலாம் அல்லவா?

நம் மண்ணின் கனம்

தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளில் கணிதம், அறிவியல், விளையாட்டு, சண்டை எல்லாமே நமக்குத் தமிழில்தான் நடந்தன. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கியது. பல்கலைக்கழகத்தில் அது ஒரு கழகமாக, ஒரு மாலை நேரக் கூட்டமாக மேலும் சுருங்கிவிடுகிறது. கணினித் துறையில் படிக்கும் தமிழ் மாணவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் தமிழ்க் கழகத்துக்கு வந்தால் ஒலிபெருக்கி பார்க்கவும் பதாகை வடிவமைக்கவும்தான் அழைக்கப்படுகிறார்கள். கதை எழுதுபவரும் நிரல் எழுதுபவரும் ஒரே மேசையில் அமர்ந்து எதையும் படைப்பதில்லை. இந்த இடைவெளிதான் எனக்குக் கவலை தருகிறது. இன்று ஐந்து வயதுக் குழந்தை நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் திரையில் தமிழ் இல்லையென்றால், நாளை அது எழுத வரும் மொழியிலும் தமிழ் இருக்காது.

என்ன செய்யலாம்? பெரிய போர் எந்திரனைப் பார்த்து அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் கண்டுபிடித்த கனத்தின் இலக்கணத்தை எடுத்துக்கொள்ளலாம். செமினி வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இடங்கள் பலவும் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவை. இருள் விலகாத நேரத்தில் எழுந்து, தோளில் கம்பு வைத்து, இருபுறமும் பால் வாளி சுமந்து, சேற்றில் வழுக்காமல் நடந்த பால்மரத் தொழிலாளியின் நடையில் எவ்வளவு கனம் இருந்திருக்கும்! வேகமாகப் போனால் பால் சிந்தும். மெதுவாகப் போனால் நேரம் போய்விடும். இதுவே ஒரு முழுமையான விளையாட்டு. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் காவடியோடு ஏறும் பக்தரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் உடல் சற்றே சாய்ந்து, நிமிர்ந்து, நின்று, மீண்டும் ஏறுகிறது. சலாடின் எந்திரனுக்கு எழுதப்படும் அதே சில வரி நிரல் இங்கேயும் உதவும். சுடுவதற்கு எதிரியே தேவையில்லை.

தொடக்கம் சிறியதாக இருக்கட்டும். ஒரே ஒரு திரை. ஒரே ஓர் உருவம். அது நடக்க வேண்டும், நிற்க வேண்டும், சுமக்க வேண்டும். கதையைத் தமிழ் மாணவர் ஒருவர் எழுதட்டும். நிரலைக் கணினி மாணவர் எழுதட்டும். மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவர் காலடி ஓசையைத் தரட்டும். 2009 முதல் ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் ‘குளோபல் கேம் ஜாம்’ நிகழ்வில், 48 மணி நேரத்தில் விளையாட்டை உருவாக்கும் மாணவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம்மால் ஒரு தவணை விடுமுறையில் முடியாதா? முடித்ததைச் சிறுவர் விழாவில் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் ஆடக் கொடுத்துப் பார்க்கலாம். குறை சொல்வதில் அவர்களைவிட நேர்மையானவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

முடிவாக

1975-இல் தோக்கியோவில் கூடிய 32 குழுக்களில் எவரும் ஏழரை லட்சம் வருகைகளை எதிர்பார்த்து மேசை போடவில்லை. தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே செய்து, பிடித்தவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். ‘ஜைகேன்டிக் ஆர்மி’ அந்த வழியில் வந்த ஒரு சிறிய விளையாட்டு. அது உலகை மாற்றிவிடவில்லை. ஆனால், மறக்கப்பட இருந்த ஒரு கலையை இன்னொரு தலைமுறையின் விரல்களுக்குக் கொண்டு சேர்த்தது. நம் மொழிக்கும் அத்தகைய விரல்கள் தேவைப்படுகின்றன.

அடுத்த ஆண்டு மலரில், இதே பக்கத்தில், நம் மாணவர் குழு ஒன்று உருவாக்கிய தமிழ் விளையாட்டைப் பற்றி வேறொருவர் எழுதட்டும். அந்தக் குழுவில் சேர விரும்புவோர் கழகத்தின் வாராந்தரக் கூட்டத்துக்கு வரலாம். நிரல் தெரியாதவர்களும் வரலாம். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது.